பிளீக்லோ மலையில் விமானச் சிதைவுகளைத் தேடிச் செல்லும் முறை

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதையடுத்த சில ஆண்டுகளிலும் இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் மோதிய விமானங்கள் பல. அவற்றுள் சிலவற்றின் சிதைவுகள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. முதன்முறை தேடுபவர் பிளீக்லோவில் தொடங்கலாம்.

தேடலை மலையடிவாரத்தில் அன்றி வீட்டு மேசையில் தொடங்க வேண்டும். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் எஸ்கே 090 949 என்ற கட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1948 நவம்பர் 3 அன்று, ஸ்காம்ப்டன் விமானத் தளத்திலிருந்து பர்ட்டன்வுட் தளத்துக்குச் சென்ற அமெரிக்க பி-29 விமானம் மேகத்துக்குள் தாழப் பறந்து மோதி, அதிலிருந்த 13 பேரும் மாண்ட இடம் அது. ஆறு இலக்கக் குறியீடு 100 மீட்டர் சதுரத்தைத்தான் காட்டும். மேகம் இறங்கினால் பத்தடி தள்ளிக் கிடக்கும் எஞ்சினும் கண்ணில் படாது. ஆகவே ஜிபிஎஸ் கருவியோடு திசைகாட்டியும் தேவை.

ஸ்னேக் பாஸ் சாலையின் உச்சியிலிருந்து நேர்க்கோட்டில் 2 கிலோமீட்டர்தான் என்றாலும், கறுப்புச் சதுப்பு மண்ணில் நீர் அறுத்த ஓடைகளைச் சுற்றிச் செல்லும்போது அது நீண்டுவிடும். ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் உச்சியிலுள்ள நில அளவைத் தூணை எட்டிவிட்டால், சிதைவு கூப்பிடு தூரம்தான்.

அங்கே விமானத்தின் முழு உருவத்தை எதிர்பார்க்கக் கூடாது. சுற்றிலும் புல் அடர்ந்திருக்க ஓரிடம் மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தால், எரிபொருள் எரிந்த இடமாக இருக்கலாம். குனிந்து பார்த்தால், உருகி மெழுகுத்துளிபோல் உறைந்த அலுமினியக் கட்டிகள் தென்படும். அலுமினியம் இரும்பைப்போல் செந்துரு ஏறாமல் வெண்பொடியாகப் பூக்கும் என்பதால், வேலிக் கம்பியின் துண்டையும் விமானத் தகட்டையும் பிரித்தறிவது எளிது. கனமான பாகங்கள் சரிவில் உருண்டிருக்கக்கூடும் என்பதால் கீழேயுள்ள ஓடைகளையும் பார்க்க வேண்டும். 1945 ஜூலையில் அருகிலுள்ள ஜேம்ஸஸ் தார்ன் என்ற மேட்டில் மோதிய சி-47 விமானத்தின் எஞ்சின் ஆஷ்டன் கிளஃப் ஓடையில்தான் கிடக்கிறது. அதே ஆண்டு மே 18 அன்று, ஐரோப்பாவில் போர் ஓய்ந்த பத்தாம் நாள், கனடிய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று ஆறு பேருடன் அழிந்ததும் அதே தார்னில்தான்.

1986ஆம் ஆண்டின் இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமம் இன்றி இச்சிதைவுகளைத் தோண்டுவதும் எடுத்துச் செல்வதும் குற்றம். பாகத்தில் பொறித்த எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எந்த விமானத்தினுடையது என்பதை அறிய அதுவே பெரும்பாலும் போதும்.