டோக் பிசின் பிறந்த விதம்: 12 சீட்டில் செய்து பார்ப்போம்

பாப்புவா நியூ கினியில் 800க்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. அவற்றைப் பேசுகிற பெரும்பாலோருக்கும் பாலமாக இருப்பது டோக் பிசின் என்ற பொதுமொழி. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சமோவா, குயின்ஸ்லாந்து தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போன தீவுக்காரர்களின் பேச்சுதான் அதன் வேர். அந்தத் தோட்டத்தைக் கணினி இல்லாமலே மேசைமேல் கொண்டுவரலாம்.

படி 1. 12 சீட்டு வெட்டுங்கள். ஒன்பது தொழிலாளிகள், மும்மூன்று பேருக்கு ஒரு தாய்மொழி. ‘தண்ணீர்’ என்பதற்கு அவரவர் சீட்டில் அ, இ, உ என ஒரு சொல் எழுதுங்கள். மீதி மூன்றும் துரை, சொல் ‘வாட்டர்’. ஒரே ஆளுக்கு மூன்று சீட்டு, ஏனென்றால் எல்லாக் குழுவோடும் பேசுகிறவர் அவர்.

படி 2. குலுக்கி இரண்டு எடுங்கள். முதல் சீட்டு பேசும், இரண்டாவது கேட்கும். பேசுகிறவர் தன்னிடமுள்ள ஒரு சொல்லைச் சொல்கிறார். கேட்பவரிடம் அது இருந்தால், இருவரும் மற்ற சொற்களை அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கேட்பவர் புதிதாக எழுதிக்கொள்வார். துரைச் சீட்டில் மட்டும் எதையும் மாற்றக் கூடாது. இரண்டுமே துரையானால் மறுபடி குலுக்குங்கள்.

பொறுமையாகத் தொடர்ந்தால் ஒன்பது சீட்டிலும் துரையின் சொல்லே நிற்கும். டோக் பிசினிலும் தண்ணீர் ‘வாரா’தான். இங்கேயே நிறுத்தினால் அதை ‘உடைந்த ஆங்கிலம்’ என்று முடிவுகட்டிவிடுவோம். அது பெரிய தவறு. அடுத்த படியை விட்டுவிடாதீர்கள்.

படி 3. துரைச் சீட்டுகளை எடுத்துவிடுங்கள். துரை தொழிலாளியைச் சேர்த்துக்கொண்டு ‘நாம்’ என்று பேசமாட்டார் என்பது இங்கே என் அனுமானம். ஒன்பது பேரிடமும் ‘யூ’ (நீ), ‘மீ’ (நான்), ‘வீ’ (நாம் அல்லது நாங்கள்) இருக்கிறது. இப்போது ஒருவர் ‘நாம் போவோம்’ என்று சொல்ல வேண்டும். ‘வீ’ என்றால், கேட்பவரும் அதில் சேர்த்தியா இல்லையா? காசைச் சுண்டுங்கள், பூ விழுந்தால் புரியவில்லை, பேசியவர் ‘வீ’யை அடித்துவிட வேண்டும். ‘யூமீ’ என்று கோத்துச் சொன்னாலோ முதல் தடவையே புரியும்.

‘வீ’ ஒவ்வொரு சீட்டாக மறையும். டோக் பிசினில் ‘நாம்’ என்பது ‘யுமி’, ‘நாங்கள்’ என்பது ‘மிபெலா’. தீவுக்காரர்களின் ஊர்மொழிகளில் அந்த வேறுபாடு ஏற்கெனவே உண்டு, தமிழில் இருப்பதைப் போலவே. சத்தம் ஆங்கிலத்தின் சத்தம், அதை அடுக்கிய மனம் தீவுக்காரருடையது. இந்தச் சீட்டாட்டத்தில் சொல்லுக்கும் பொருள் வேறுபாட்டுக்கும் தனித்தனி விதி வைத்தது இதற்காகத்தான்.

படி 4. ஒவ்வொரு 20 சுற்றுக்கும் ஒரு பழைய சீட்டை எடுத்துவிட்டு, ஒரு வெற்றுச் சீட்டைச் சேருங்கள். அது குழந்தை, கேட்டதை மட்டும் எழுதும், அடிக்கடி கேட்ட சொல்லைச் சுருக்கியும் எழுதலாம். எதிர்காலம் காட்டிய ‘பைம்பை’யும் காலப்போக்கில் ‘பை’ எனச் சுருங்கி வினைச்சொல்லை நெருங்கி வந்தது.