ஐபி முகவரி கைவிட்டுப் போகும் வழிகள்: சிறு ஐஎஸ்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரிலோ கூடலூரிலோ சில நூறு வீடுகளுக்கு ஃபைபர் இழுத்திருக்கும் ஐஎஸ்பியிடம் (இணைய இணைப்பு தரும் நிறுவனம்) சொந்தமாக ஒரு /23 தொகுதி, அதாவது 512 முகவரிகள், இருந்தால் அதைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும். ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்நிக், 2019 முதல் புதிதாக வருபவருக்கு அதற்கு மேல் தருவதில்லை. இதைப் பட்டா நிலம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஏப்நிக்கோ இந்தியாவின் இரின் பதிவகமோ தருவது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. கட்டணம் நின்றால் கணக்கை மூடி, ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸை (ஐபி முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) நீக்கி, சிறிது காலம் ஒதுக்கி வைத்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இன்வாய்ஸ் போகும் மின்னஞ்சல், வேலையை விட்டுப்போன கணக்கருடையதாக இருக்கக் கூடாது.

மின்னஞ்சலில் இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு. ஹூயிஸ் பதிவில் (தொகுதி யாருடையது என்று காட்டும் பொதுப் பட்டியல்) உள்ள மின்னஞ்சல் முகவரியின் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால், அதை யாரும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். வாங்கியவருக்கே உங்கள் அஞ்சல் போகும். பதிவகக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, பதிவையே தன் பெயருக்குத் திருப்ப முயல்வார். கைவிடப்பட்ட தொகுதிகள் பல இப்படித்தான் களவு போகின்றன. முறைகேட்டுப் புகாருக்கான முகவரியை ஏப்நிக் 6 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறது. அந்த அஞ்சலை ஸ்பேம் என்று தள்ளிவிடாதீர்கள்.

நெட்வொர்க்கை விற்கும்போது முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். பதிவகத்தில் பெயர் மாற்றும்வரை உரிமை பழையவர் பெயரில்தான் இருக்கும்.

மலையில் அடிக்கடி காலை வாருவது ஆர்ஓஏ. எந்த ஏஎஸ் எண் (ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) உங்கள் முகவரியை ‘இது என் வழியாக வரும்’ என்று மற்ற நெட்வொர்க்குகளுக்கு அறிவிக்கலாம் என்று சொல்லும் பதிவு அது. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண் சரிந்து ஃபைபர் அறுந்ததும், மைசூரு பக்கத்து லைனுக்கு மாறுகிறீர்கள். அந்த நிறுவனம் தன் ஏஎஸ் எண்ணில் அறிவிக்கிறது. ஆர்ஓஏவில் பழைய எண் மட்டும் இருந்தால் அறிவிப்பு செல்லாததாகிவிடும். பெரிய நெட்வொர்க்குகள் அதைத் தூக்கி எறிந்துவிடும். லைன் பச்சையாக எரியும், இணையம் மட்டும் வராது. இரண்டாவது எண்ணுக்கும் மழைக்கு முன்பே ஆர்ஓஏ போட்டு வையுங்கள். /23 மட்டும் அறிவிப்பவர், ஆர்ஓஏ எவ்வளவு சிறிய தொகுதி வரை அனுமதிக்கும் என்று சொல்லும் அதிகபட்ச நீளத்தை 24 (/23-இல் பாதி, 256 முகவரிகள்) என்று தளர்த்தாதீர்கள். உங்கள் ஏஎஸ் எண்ணைப் போலியாகப் போட்டு /24 அறிவிப்பவருக்கு அது கதவு திறந்துவிடும்.

உங்கள் முகவரியை யாராவது தன்னுடையதாக அறிவித்துக் கடத்திவிட்டால் பதிவகத்துக்கு மட்டும் எழுதிக் காத்திருப்பது வீண். களவாக மாற்றப்பட்ட பதிவை அது மீட்டுத் தரும். கடத்தியவரின் அறிவிப்பை அணைக்க அதனால் முடியாது. எந்த ஏஎஸ்ஸிலிருந்து வருகிறது என்று லுக்கிங் கிளாஸில் (மற்ற நெட்வொர்க்குகள் காணும் அறிவிப்புகளைக் காட்டும் இணையதளம்) பாருங்கள். அந்த ஏஎஸ்ஸுக்கு இணைப்பு கொடுப்பவரின் ‘நாக்’ (NOC) எனும் நெட்வொர்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு ஹூயிஸ் நகலோடு எழுதுங்கள். கூடவே ஆர்ஓஏவைத் திருத்தி, இரண்டு /24 ஆகப் பிரித்து அறிவியுங்கள். ரவுட்டர் சிறிய தொகுதியைத்தான் நம்பும். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தானிலிருந்து வந்த /24 அறிவிப்பால் தடைபட்ட யூடியூபும் இப்படியே தன் தொகுதியை இன்னும் சிறிதாகப் பிரித்து அறிவித்தது. கடத்தியவரும் /24 அறிவித்திருந்தால் போக்குவரத்தில் ஒரு பங்குதான் திரும்பும். அதைவிடச் சிறிய தொகுதியைப் பெரும்பாலான நெட்வொர்க்குகள் ஏற்பதில்லை என்பதால், மீதி வர அந்த நாக் அணைத்தே ஆக வேண்டும்.