காரைக்குடிக்கு மத்தியானத்தில் போய் நிற்காதீர்கள்

போன மாதம் சொந்தக்காரப் பையன் ஒருவன் கார் பிடித்துக் காரைக்குடிக்குப் போய்விட்டு வந்து, "அங்க ஒண்ணுமே இல்லையே சித்தப்பா, எல்லாம் பூட்டிக் கிடக்கு" என்றான். எத்தனை மணிக்குப் போய் இறங்கினாய் என்று கேட்டேன். பதினொன்றரையாம். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. பல வருஷத்துக்கு முன் நான் முதல் தடவை போனதும் அதே பதினொன்றரைக்குத்தான். தொப்பி, தண்ணீர் பாட்டில் சங்கதியெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

'போகிற வழியில் ஒரு எட்டு'

தஞ்சாவூர் பார்த்தாயிற்று, மதுரைக்குப் போகிற வழியில் செட்டிநாட்டை முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். முதலில் இரணியூர் கோயில். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஒன்பது கோயில்களில் ஒன்று, கல் வேலைப்பாட்டுக்காகவே போக வேண்டிய இடம். நாங்கள் படியேறும்போது நடை சாத்திவிட்டார்கள். இனி சாயங்காலம் நாலு மணிக்குத்தான்.

சரி என்று கானாடுகாத்தான் போனோம். தெருவுக்குத் தெரு கோட்டை மாதிரி வீடுகள், எல்லாக் கதவிலும் பூட்டு. காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர். பிழைப்பு சென்னையிலும் வெளிநாட்டிலும். கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால்தான் எல்லாரும் கூடிக் கதவைத் திறப்பார்கள். மற்ற நாளில் சாவி காவல்காரரிடம். அவர் அப்போது சாப்பிடப் போயிருந்தார்.

ஆத்தங்குடிக்குப் போனால், தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறையில் ஆட்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள். அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. இதை நான் கண்ணால் பார்த்தது மூன்றாவது பயணத்தில்தான்.

மிச்சமிருந்தது மெஸ் சாப்பாடு. மூக்கு முட்டச் சாப்பிட்டோம். அப்புறம் காரில் தூக்கம். ஊரைத் தாண்டும்போது முழிப்பு வந்தது. ரோட்டோரம் அப்போதுதான் எண்ணெய்ச் சட்டியை ஏற்றி வெள்ளைப் பணியாரம் ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள். இருட்டுவதற்குள் மதுரை போகணும் என்று டிரைவர் நிறுத்தவில்லை. கார் வாடகை முழுசாகக் கொடுத்தேன். பணம் போனதைவிட அந்தப் பணியாரம் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒரு ராத்திரி தங்குங்கள். காலையில் கோயில், வெயில் ஏறுவதற்குள் ஒரு வீடு. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற ஆத்தங்குடி லெட்சுமி வீடு போதும். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், சாய்வாக வெளிச்சம் விழும்போது பர்மா தேக்குத் தூண்களைப் பாருங்கள். மத்தியானம் ஊரோடு சேர்ந்து நீங்களும் தூங்குங்கள். சாயங்காலம் பட்டறையோ கண்டாங்கிச் சேலைத் தறியோ, கடைசியில் பலகாரம்.

ஆயிரம் ஜன்னல் வீடு

காரைக்குடியில் எல்லாரும் தேடிப் போகிற பெரிய வீடு, ஆனால் தனியார் வீடு. வெளியே நின்று பாருங்கள், கேட்டைத் தட்டாதீர்கள்.

செட்டிநாடு என்றால் காரம்

ஊர் ஊராக 'செட்டிநாடு சிக்கன்' என்று சிவப்பாக ஒன்றைக் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். இங்கே மசாலாவின் மணம் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு, மிளகு இவற்றிலிருந்து வருவது. கோழியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டியைத் தவறவிடுகிறார்கள். கவுனி அரிசியையும் சோறு என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். கருப்பு அரிசியை வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காயும் போட்ட இனிப்பு அது, கல்யாண வீட்டு அயிட்டம். பழைய வீடுகளை ஓட்டலாக்கிய இடங்களில் இலைச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். பசியோடு போய் நின்றால் காபிதான் கிடைக்கும்.

கல் வாங்குவது

பஸ்ஸில் தூக்கி வராதீர்கள். நான் கொண்டுவந்த ஆறில் நாலு உடைந்தது.

பழைய சாமான் கடைகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எனாமல் தூக்கு, மரப்பெட்டி என்று கண்ணைப் பறிக்கும். சொன்ன விலைக்கு உடனே தலையாட்டாதீர்கள். தெருவின் கடைசிவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கேளுங்கள், அதே தூக்கு வேறு விலைக்கு வரும்.