எழுத்து எழுதாம சேர்ந்து இரிக்கிற சோடிக்கு அஸ்வெசும கிடைக்குமா? முதல் நாள்ல இருந்து செய்யவேண்டியது

எண்ட வேல களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு கொமினிகேஷன்ல, போட்டோகொப்பி அடிக்கிறது, ஃபோம் நிரப்பிக் குடுக்கிறது. கடைக்கு அடிக்கடி வாற சோடி ஒண்டு இரிக்கு, ஆள் மாறும் கதை மாறாது. பொடியனுக்கு இருவத்திரெண்டு, புள்ளைக்குப் பத்தொன்பது இருவது, விரும்பிக் கூட்டிட்டு வந்து ஒரு வருசம் ஆகிட்டு, எழுத்து, அதான் விவாகப் பதிவு, இன்னும் எழுதல்ல, புள்ளைட தாய் வீட்டு வளவுக்குள்ள ஒரு தகரக் கொட்டில் போட்டு இரிக்காங்க. "அண்ண, எங்களுக்கு எழுத்து இல்லத்தானே, அஸ்வெசும தரமாட்டாங்களாமே" எண்டு கேப்பாங்க. அஸ்வெசும எண்டா வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாசாமாசம் குடுக்கிற உதவிக் காசு. எழுத்து இல்லாட்டித் தரமாட்டாங்க எண்டுறது ஆரோ சந்தில சொன்ன கதை. எழுத்தை விட முன்னால பாக்கவேண்டியது வேற ஒண்டு இரிக்கு, அதுல இருந்தே தொடங்குவம்.

முதல் வேல: நீங்க எந்தக் குடும்பத்துக்குள்ள நிக்கிறீங்க எண்டு பாருங்க

அஸ்வெசும ஆளுக்கு ஆள் குடுக்கிற காசு இல்ல, குடும்பத்துக்குக் குடுக்கிறது. சமுர்த்திக் காசுக்குப் பதிலா 2023 ஜூலைல தொடங்கினது, இப்பவும் கிழவிமார் அதைச் சமுர்த்திக் காசு எண்டுதான் சொல்லுவாங்க. படிப்பு, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்பத்து ஆக்கள் எண்டு ஆறு பக்கத்தால 22 விசயம் பாத்துப் புள்ளி போடுறாங்க. இதெல்லாம் ஆர்ட வீட்டுக் கணக்குல விழுது எண்டுறதுதான் இளம் சோடிக்குப் பெரிய பிரச்சின.

எங்கட பக்கம் கலியாணம் முடிச்சா மாப்பிள்ளதான் பொண்டாட்டி வீட்டுக்குப் போறது, அப்ப ஒரு வளவுக்குள்ள மாமியும் இரிப்பா, மகளும் இரிப்பா, சில நேரம் ரெண்டு மூண்டு மகளும் இரிப்பாங்க, வெளியால பாக்குற ஆளுக்கு எல்லாம் ஒரே வீடு. எனக்கே நடந்தது சொல்றேன். கணக்கெடுக்க வந்த நேரம் நானும் எண்ட மனுசியும் வேலைக்குப் போயிட்டம், வீட்டுல நிண்டது மாமி மட்டும், வந்த ஆக்கள் ஆர் ஆர் இரிக்கிறீங்க எண்டு கேக்க மாமி நல்ல மனசோட "எண்ட மகளும் மருமகனும்தான், வேற ஆர்" எண்டு எங்களையும் அவட குடும்பத்துக்குள்ளயே எழுதிக் குடுத்திட்டா, நான் லீசிங்ல எடுத்த மோட்டச்சைக்கிளும் அவட சொத்தாப் போயிட்டு. அவவுக்கும் கிடைக்கல்ல, எங்களுக்கும் கிடைக்கல்ல. மாமி அதுக்குப்பிறகு மூண்டு மாசம் அந்த சைக்கிளத் திரும்பியும் பாக்கல்ல.

அதால வீட்டுப் பெரியாக்களோட முதல்லயே இருந்து கதைச்சு முடிவெடுங்க. உலை வேறயா, ஒண்டா? அரிசி பருப்புச் செலவு ஆர் பாக்குறது? உண்மையாத் தனியாச் சமைச்சுத் தின்னுறீங்க எண்டா தனிக் குடும்பம் எண்டு சொல்லுங்க, மாமியும் அதையே சொல்லணும். ஒரே பானையில தின்னுக்கிட்டு காசுக்காக வேற எண்டு சொல்லப்போனா அடுத்த வளவுக்காரன் ஆட்சேபனை போடுவான், அதுக்கு அவங்களுக்கு உரிமையும் இரிக்கு.

கரண்டையும் மறக்காதீங்க. மின்சாரம் எவ்வளவு எரியுது எண்டும் பாக்குறாங்க. மாமிட மீட்டர்ல இருந்து வயர் இழுத்திரிந்தா ரெண்டு குடும்பத்து யூனிட்டும் ஒரே பில்லுல வரும், கேக்குற நேரம் இந்த மீட்டர்ல ரெண்டு குடும்பம் எரிக்கிறம் எண்டு நீங்களாவே சொல்லிருங்க.

ரெண்டாவது: ஜீஎஸ்ட (கிராம சேவகர்ட) புத்தகத்துல ரெண்டு பேரும் இரிக்கணும்

பொடியன் வாகரையாள், புள்ள பட்டிருப்பு எண்டு வைங்க. பொடியன்ட பேர் இன்னும் வாகரைல தாய் தகப்பனோட கிடக்கும். அங்க இரிக்கிற கிராம சேவகர்ட்ட போய், இடம் மாறிட்டன் எண்டு கடிதம் எடுத்து, பேரை வெட்டிட்டு வந்து இங்க இரிக்கிற ஜீஎஸ்ட்டப் பதியணும். ஒரு ஆள்ட பேர் ரெண்டு இடத்துல கிடந்தா அங்க தாய் தகப்பன்ட விண்ணப்பமும் குழம்பும், இங்க உங்கடயும் குழம்பும்.

போக்குள்ள ரெண்டு பேர்டயும் ஐடி காட், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், எழுத்து இருந்தா அதுட கொப்பி கொண்டு போங்க. எழுத்து இல்லாட்டி இல்ல எண்டே சொல்லுங்க, எப்ப இருந்து ஒண்டா இரிக்கிறம் எண்டும் சொல்லுங்க. வெக்கப்பட்டு "நான் சொந்தக்காரப் பொடியன், சும்மா நிக்கிறன்" எண்டு சொன்ன ஒராளை எனக்குத் தெரியும், பிறகு அவன்ட பேரைச் சேக்க அவன் பட்ட பாடு!

இதை விட மோசம், புருசன் இல்ல, தனிய இரிக்கிறன் எண்டு புள்ளைய எழுத வைக்கிறது. அப்படி எழுதினா கூடக் கிடைக்கும் எண்டு ஐடியா குடுக்கிற ஆக்களும் இரிக்காங்க. ஊருக்கே தெரிஞ்ச புருசனை எங்க ஒளிக்கிறது?

மூணாவது: எழுத்தை எழுதிருங்க, அஸ்வெசுமக்காக இல்லாட்டியும்

பதினெட்டு வயசு ரெண்டு பேருக்கும் முடிஞ்சிரிக்கணும், தாய் தகப்பன் ஓம் எண்டாலும் அதுக்கு முதல் எழுத ஏலாது. புள்ள பதினாறுக்குக் கீழ எண்டா அது பொலிஸ் கேஸ், எண்ட ஃபோமால ஒண்டும் செய்ய ஏலாது.

டிஎஸ் ஒபிஸ்ல, அதான் பிரதேச செயலகத்துல, மேலதிக மாவட்டப் பதிவாளர் இரிப்பார், இல்லாட்டி உங்கட பகுதி விவாகப் பதிவாளர்ட்டப் போகலாம். முதல்ல அறிவித்தல் குடுக்கணும், 12 நாள் போனாப்பிறகு எழுதலாம், அவசரம் எண்டா விசேட அனுமதி எடுத்து அதுக்கு முதலே எழுதலாம், அதுக்குக் காசு கூட. சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். காத்தான்குடி, அக்கரைப்பற்று பக்கம் முஸ்லிம் ஆக்களுக்கு இது வேற சட்டம், முஸ்லிம் விவாகப் பதிவாளர்ட்டத்தான் போகணும். ஹோல், ஐயர், தாலிக்கொடி எல்லாம் பிறகு வசதி வரக்குள்ள செய்யலாம்.

ஏன் இவ்வளவு சொல்றேன் எண்டா, நாளைக்கு அந்தப் பொடியன் கடலுக்குப் போய் வராட்டி, இல்ல கட்டார்ல வேல செய்யுற இடத்துல ஏதும் நடந்தா, நட்டஈட்டுக்கு முதல்ல கேக்குறது அந்த எழுத்துத் துண்டைத்தான்.

பிறகு விண்ணப்பம்

எல்லா நாளும் எடுக்கமாட்டாங்க, திறக்கிற நேரம் பாத்துத்தான் போடலாம். டிஎஸ் ஒபிஸ்ல அஸ்வெசும பாக்குற உத்தியோகத்தர்ட்டக் கேளுங்க, இல்லாட்டி 1924க்கு அடிங்க. எங்கட மட்டக்களப்பு மாவட்டத்துல 14 பிரதேச செயலகம் இரிக்கு, நீங்க இரிக்கிற இடம் எதுக்குள்ள வருதோ அங்கதான் போகணும், பக்கத்துல இரிக்கு எண்டு வேறதுக்குப் போனா பஸ் காசுதான் நட்டம்.

ஃபோம்ல குடும்பத் தலைவர் ஆர் எண்டு போடக்குள்ள யோசிச்சுப் போடுங்க. பொடியன் கொழும்புல மேசன் வேல, ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான் வாறான் எண்டா புள்ளைட பேரைப் போடுறது லேசு, கையொப்பத்துக்கும் பேங்குக்கும் ஓடுறது அவதானே. கூலி வேலைக்கு மாசச் சம்பளம் இல்லத்தானே, சும்மா ஒரு கணக்குச் சொல்லாம போன ஆறு மாசத்துல எத்தின நாள் வேல கிடைச்சது எண்டு ஒரு கொப்பில எழுதிக் கொண்டு போங்க.

வறிய குடும்பம் எண்டு வந்தா மாசம் 10,000 ரூபா, மிக வறிய குடும்பம் எண்டா 17,500 ரூபா, 2025 ஜனவரில கூட்டின கணக்கு இது. நீங்க ரெண்டு பேர் மட்டும், உடம்புல பெலனும் இரிக்கு, அப்ப பெரிய தொகை வராமலும் போகலாம், அதை நம்பி நுண்கடன் எடுக்கப் போயிராதீங்க.

பேர் வந்தா டிஎஸ் ஒபிஸ்ல சொல்ற மாதிரி பேங்க் கணக்குத் திறக்கணும். பேர் வராட்டி மேன்முறையீடு போடலாம், அதுக்கும் நாள் கணக்கு இரிக்கு. லிஸ்ட் ஒட்டின அண்டைக்கே போய்ப் பாருங்க, ஆரும் வந்து சொல்லுவாங்க எண்டு இரிக்காதீங்க. குடுக்கிற ஒவ்வொரு பேப்பரும் ஒரு கொப்பி அடிச்சு வைங்க, எண்ட கடைலதான் அடிக்கணும் எண்டு இல்ல.

புள்ள உண்டாகி இரிந்தா

இது அஸ்வெசும கிடைக்காட்டியும் பாக்கலாம். நாள் தள்ளிப்போனவுடனே மிட்வைஃப் அம்மாட்டச் சொல்லிப் பதியுங்க, எழுத்து இல்லாட்டி கிளினிக்குக்கு வரவேணாம் எண்டு ஆரும் சொல்லமாட்டாங்க. கர்ப்பிணித் தாய்மாருக்குப் போசாக்குக்கு 2025ல மாசம் 4,500 ரூபாப்படி பத்து மாசம், முழுக்க 45,000 ரூபா இருந்தது. பிந்திப் பதிஞ்சிட்டு அந்த மாசத்துக் காசு எங்க எண்டு கேட்டு ஒரு புள்ள கடைல நிண்டு அழுதா, ஊருக்குத் தெரிஞ்சிரும் எண்டு அஞ்சு மாசம் மறைச்சு வச்சிரிந்திரிக்கா.

குழந்தை பிறந்தா 42 நாளைக்குள்ள பிறப்புப் பதியணும். எழுத்து எழுதல்ல எண்டா தகப்பன்ட பேர் போட ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டுக் கையொப்பம் வைக்கணும், அதால அந்த நேரம் பொடியனைக் கொழும்புக்கு விட்டிராதீங்க. பத்திரம் கையில வந்தவுடனே ஜீஎஸ்ட்டப் போய் குடும்பத்துல மூண்டாவது ஆளாச் சேருங்க.