சமையலறைக்கு ஏற்ற சின்ன மியூசிக் சிஸ்டம்: எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் வைக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். பெட்டியை அப்புறம் பார்க்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கடைசியில் ஃப்ரிட்ஜ் தலையில் ஏற்றிவைக்கிறார்கள். ஃப்ரிட்ஜின் மேல்தகடு மெல்லியது. பேஸ் (பாட்டின் தாழ்ந்த ஒலி) ஒலிக்கும்போதெல்லாம் அதுவும் கூடவே கிர்ரென்று அதிரும். வேறு வழியில்லை என்றால் அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு ஒன்றாவது போடுங்கள்.

அடுப்பிலிருந்து 1 மீட்டராவது விலகி, பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து 60 செ.மீ. தள்ளி, நிற்பவரின் காது உயரத்துக்குப் பக்கத்தில் ஓர் அலமாரித் தட்டு இருந்தால் அதுதான் இடம். அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டு வேண்டவே வேண்டாம். சூடும் எண்ணெய்ப் புகையும் எழுந்து அங்கேதான் படியும். தட்டின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆழத்தில் 10 செ.மீ. கழித்துவிடுங்கள். பல பெட்டிகளுக்கு முதுகில் காற்றுத் துளை இருக்கும். சுவரோடு ஒட்டிவைத்தால் பேஸ் குமுறும். மேல்மூடி திறக்கும் சிடி பிளேயர் என்றால் மூடி முழுதாகத் திறக்கவும் உயரம் வேண்டும். ஒயர் பிளக் பாயிண்ட் வரை எட்டுமா, வழியில் அடுப்பைத் தாண்டுமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்ஸ் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். ‘பிஎம்பிஓ’ என்று போட்டிருந்தால் அது விளம்பர எண். ‘ஆர்எம்எஸ்’ என்று இருப்பதே பெட்டி தொடர்ந்து தரக்கூடிய திறன். நடுத்தர அளவுள்ள சமையலறைக்கு 10 முதல் 20 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது 10 மடங்கு வாட்ஸ். ஆகவே 15 வாட்ஸை விட்டு 20 வாட்ஸுக்குப் போவதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

இங்கே உண்மையான சிக்கல் சத்தம் போதாதது அல்ல, தெளிவு போதாதது. எக்ஸாஸ்ட் ஃபேன், சிம்னி இவற்றின் இரைச்சலில் பெரும்பங்கு தாழ்ந்த ஒலி. அது பாட்டின் பேஸை விழுங்கிவிடும். டைல்ஸும் கல் மேடையும் மேல்ஒலிகளைத் திருப்பியடித்துக் கூச்சமூட்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது குரல். அது தெளிவாக இருந்தால் பாட்டும் கேட்கும், செய்தியும் கேட்கும். எனவே கடைக்காரர் அதிரும் பாட்டு ஒன்றைப் போட்டுக்காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு யாராவது பேசுகிற பதிவைப் போடச் சொல்லுங்கள். வால்யூமைக் கால்வாசிக்குக் குறைத்து, 3 மீட்டர் தள்ளிப்போய், பெட்டிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வேலை செய்யும்போது பெரும்பாலும் அப்படித்தான் நிற்பீர்கள். ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும். அடுத்து முக்கால்வாசிக்கு ஏற்றுங்கள். பெட்டி கரகரத்தாலோ ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறினாலோ வேறு பாருங்கள். பேஸ், டிரெபிள் (மேல்ஒலி) இரண்டையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி அவசியம். மூலையில் வைக்கும் பெட்டிக்கு இருபுறச் சுவர்களும் பேஸை ஏற்றிவிடும், அதைக் குறைத்தாக வேண்டும்.

ஸ்டீரியோவுக்காக, அதாவது இடம் வலம் என்று ஒலி பிரிந்து வருவதற்காக, மெனக்கெட வேண்டாம். 30 செ.மீ. பெட்டிக்குள் இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் நடமாடுகிறவருக்கு அது ஒன்றுதான். தனித்தனி ஸ்பீக்கர்களை இரு கோடிகளில் வைத்தாலோ தொல்லை வேறு: 1960களின் ஸ்டீரியோ பதிவுகள் சிலவற்றில் குரல் ஒருபக்கம், வாத்தியம் மறுபக்கம். அடுப்படியில் நிற்பவருக்கு வாத்தியம் மட்டும் வாய்க்கும். இருபக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து தரும் ‘மோனோ’ வசதி சிஸ்டத்தில் இல்லையென்றால் போனின் அணுகல்தன்மை அமைப்புகளில் அதைத் தேடுங்கள்.

ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. மைக்ரோவேவ் அவனும் ஏறக்குறைய அங்கேதான். அது ஓடும்போது பாட்டு விட்டுவிட்டு வருவது பெட்டியின் பழுது அல்ல. போனுக்கும் ஸ்பீக்கருக்கும் குறுக்கே மைக்ரோவேவ் வராதபடி வைத்தால் பெரும்பாலும் சரியாகும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இயங்கும் ஸ்பீக்கருக்கு இந்தத் தகராறு கிடையாது.

வீட்டில் நான்கு போன் இருக்கும், பெட்டி கடைசியாக இணைந்த ஒன்றையே பிடித்துக்கொள்ளும். அந்தப் போனின் சொந்தக்காரர் வெளியே கிளம்பினால் பாட்டும் கிளம்பிவிடும். ஒரே சமயத்தில் இரண்டு போன்களோடு இணையும் ‘மல்டிபாயிண்ட்’ இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், போனே இல்லாமல் பாடும் வழி ஒன்று: எஃப்எம் அல்லது யுஎஸ்பி. எஃப்எம் ஆன்டெனா வெறும் ஒயராக வந்தால் சுருட்டி வைக்காமல் சுமார் 75 செ.மீ. நீட்டிவிடுங்கள். பென்டிரைவ் படிக்கவில்லை என்றால் அதை ‘ஃபேட்32’ முறையில் ஃபார்மேட் செய்து பாருங்கள் (உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்).

ஈரக் கைக்குத் தொடுதிரை ஒத்துவராது. வால்யூமுக்குத் திருகும் குமிழ், மற்றதற்கு அழுத்தும் பட்டன் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ஐபிஎக்ஸ்4’ என்றால் எப்பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை தண்ணீருக்கானது. ஆவிக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அது உத்தரவாதம் இல்லை.

ஒரே இடத்தில் இருக்கப்போகும் பெட்டிக்கு பேட்டரி தேவையில்லை. லித்தியம் பேட்டரி சூட்டிலும், எப்போதும் முழு சார்ஜில் இருப்பதாலும் சீக்கிரம் தளரும். பல மாடல்களில் அதை மாற்றுவதும் எளிதல்ல.

முன்வலை துணியா உலோகமா என்பதையும் பாருங்கள். துணி எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் அதில் தூசி ஒட்டி, கழுவவும் முடியாமல் நிற்கும். துளையிட்ட உலோக வலையைத் துடைத்துவிடலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பாத்திர சோப் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். ஸ்ப்ரேயை நேரே பெட்டிமேல் அடித்தால் வலைத்துளை வழியாக ஸ்பீக்கர் கூம்புக்கு ஈரம் போகும்.