அம்மாவுக்குக் கிட்னி கொடுக்க முன்வரும் பிள்ளைகளுக்கு

அம்மாவுக்கு பாலிசிஸ்டிக் கிட்னி, அதாவது சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய். டயாலிசிஸ் வரை வந்துவிட்டது. "நான் தர்றேன்க்கா" என்றான் என் தம்பி, இருபதுகளில் இருப்பவன். பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் பாசத்துக்கு முன் பரிசோதனை.

முதலில் ஒரு பெரிய தாளில் வம்சாவளியை எழுதுங்கள். பெரியவர்களுக்கு நோயின் பெயர் தெரியாது. யார் எப்படி இறந்தார்கள் என்று கேளுங்கள். "கைகால் வீங்கி", "நீர் பிரியாம" என்பார்கள். "திடீர்னு மண்டை வலிக்குதுன்னு விழுந்துட்டார்" என்று யாரைப் பற்றியாவது சொன்னால் அடிக்கோடிடுங்கள். இந்த நோயில் மூளை ரத்தக்குழாய் புடைத்து வெடிப்பதுண்டு. நோய் உள்ள மற்றவர்களுக்குத் தலையில் எம்.ஆர். ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன்) தேவையா என்று டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களைத் தனியாகக் குறியுங்கள். கணவன் கொடுத்தால் பயமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கணவன் அத்தை மகனாகவோ தாய்மாமனாகவோ இருந்தால்? எங்கள் அப்பா அம்மாவுக்கு அத்தை மகன்தான். அம்மாவுக்கு நோய் வந்ததோ அவருடைய அப்பா வழியில்; அந்த அத்தை அவரோடு பிறந்தவர். அதனால் அப்பாவுக்கும் ஸ்கேன் எடுத்தோம்.

அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை என்றால் வயதையும் சேர்த்துப் பாருங்கள். 40 தாண்டியவருக்கு நீர்க்கட்டியே இல்லையென்றால் நிம்மதி. அப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. இருபதுகளில் அது போதாது, எம்.ஆர்.ஐ. கேளுங்கள். 16 முதல் 40 வயதுக்குள் எம்.ஆர்.ஐ.யில் இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து 5 கட்டிக்குக் குறைவாக இருந்தால்தான் நோய் இல்லை என்று கொள்கிறார்கள். தம்பியின் அல்ட்ராசவுண்ட் சுத்தம், எம்.ஆர்.ஐ.யில் கட்டிகள் நிறைய இருந்தன.

சந்தேகம் நீடித்தால் மரபணுச் சோதனை. முக்கியமான மரபணுக்கள் இரண்டு: 1994-இல் கண்டறிந்த பிகேடி1, 1996-இல் பிகேடி2. நோயாளியின் ரத்தத்தை முதலில் கொடுங்கள். அவரிடம் உள்ள மாற்றம் எது என்று தெரிந்தால்தான் பிள்ளையிடம் அது இல்லை என்ற முடிவுக்கு மதிப்பு.

கொடுக்க வந்தவருக்கே நோய் என்று தெரிந்தால் அன்றே அவருக்கான வைத்தியத்தைப் பேசுங்கள். ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து எழுதி வையுங்கள்; சிறுநீரகம் நன்றாக இயங்கும் இளைஞர்களுக்கு 110/75-க்குள் வைத்தபோது சிறுநீரகம் பெரிதாகும் வேகம் குறைந்ததை 2014-இல் வந்த ஹால்ட்-பிகேடி ஆய்வு காட்டியது. டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம். நோய் வேகமாக வளர்பவருக்கு டோல்வாப்டன் என்ற மாத்திரை தருவார்கள். அது நோயைக் குணமாக்காது, தாமதப்படுத்தும். சிறுநீர் ஏராளமாகப் போகும். முதல் ஒன்றரை வருடம் மாதந்தோறும் கல்லீரல் சோதனை கட்டாயம். இரவு எத்தனை முறை எழ வேண்டிவரும், வேலை இடத்தில் கழிவறை பக்கத்தில் இருக்கிறதா என்பதையெல்லாம் மாத்திரை தொடங்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.