போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு நாள்: கைடோடு சுற்றி, சுவைத்து வருவது எப்படி?

வேலை விஷயமாக மூன்று வாரம் கரீபியன் தீவான ட்ரினிடாட்டில் இருந்தேன். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினை ஒரே நாளில் சுற்றி, உள்ளூர்த் தின்பண்டங்களையும் ருசி பார்க்க வேண்டும் என்று முதல் சனிக்கிழமை ஒரு டூர் போனேன். காலை 10 மணிக்குத்தான் வேன் கிளம்பியது. போன இடமெல்லாம், ஊரின் பேர்பெற்ற தெருத் தின்பண்டமான டபுள்ஸ் விற்கும் கடைக்காரர்கள் பெட்டியை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். பூட்டிய மாளிகைகளை ஏசி கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த சனிக்கிழமை நானே ஒரு கைடைப் பிடித்து, நேரத்தை நானே போட்டுக்கொண்டு போனேன். அந்த இரண்டாவது நாளின் செய்முறைதான் இது. விமான டிக்கெட், விசா, ஹோட்டல் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்பதால் அதற்குள் போகவில்லை.

படி 1: மஞ்சள் அட்டை

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் ட்ரினிடாட் தீவு இருக்கிறது. அங்கிருந்து திரும்பும்போது தடுப்பூசி போட்ட மஞ்சள் நிறச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். எனக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜெண்ட் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு நண்பர் தற்செயலாகக் கேட்டதால், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடிப் போய்ப் போட்டுக்கொண்டேன். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

படி 2: கைடிடம் என்ன கேட்பது

பேக்கேஜ் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். மூன்றே கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்ப முடியுமா? சாப்பாட்டுச் செலவு கட்டணத்துக்குள் வருமா, வெளியே வருமா? நகர மையத்தில் இறங்கி நடப்போமா, வண்டியிலேயே சுற்றுவோமா? முதல் கேள்விக்கு "ஏன் அவ்வளவு சீக்கிரம்?" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். டபுள்ஸ் காலை நேரத்துப் பண்டம். அதற்கப்புறம் இரவில்தான் மறுபடி சுறுசுறுப்பாகும். பகல் நடுவில் கிடைப்பது அதிர்ஷ்டம்.

எனக்குக் கிடைத்தவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா, சொந்தமாகச் சின்ன கார் வைத்திருந்தார். இருபது பேர் வேனைவிடச் சின்ன காரும் ஒரு கைடும்தான் என் கட்சி. நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

தனியாகச் சுற்றத் துணிந்தவர்களுக்கு மேக்ஸி டாக்ஸி இருக்கிறது. வெள்ளை வேனின் பக்கவாட்டில் ஒரு வண்ணப் பட்டை ஓடும். மஞ்சள் பட்டை என்றால் போர்ட் ஆஃப் ஸ்பெயின், அதன் மேற்குப் பக்கம். சிவப்பு என்றால் கிழக்கு நோக்கி. முதல் நாளே இதில் ஏறிப் பழக வேண்டாம் என்பது என் கருத்து.

படி 3: பையில் என்ன

சில்லறையாக டிடி டாலர், அதாவது உள்ளூர் நாணயம். ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 6.7 டிடி. தெருக்கடையில் பெரிய நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். ஈர டிஷ்யூ, குடை, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. டப்பாவைப் பார்த்து என்னோடு வந்த நண்பர் சிரித்தார். மாலையில் அவர்தான் அதிலிருந்து எடுத்துத் தின்றார். ராணுவப் பச்சைத் திட்டுகள் போட்ட சட்டை, பேண்ட், தொப்பி எதையும் எடுத்துப் போகாதீர்கள். பொதுமக்கள் அதை அணிவது அங்கே சட்டப்படி குற்றம்.

படி 4: டபுள்ஸ் (நான் சறுக்கிய இடம்)

செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் மேற்கு மெயின் ரோட்டில் காலை ஏழேகாலுக்கு இறங்கினோம். முதலில் செய்ய வேண்டியது, நிற்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்து "குட் மார்னிங்" சொல்வது. சொல்லாமல் நேராக ஆர்டர் கொடுத்தால் மரியாதை தெரியாத ஆள் என்று நினைப்பார்கள். இருட்டிய பிறகு "குட் நைட்" என்றுதான் வரவேற்பார்கள், விடைபெறுகிறார்கள் என்று நினைத்து நான் ஒருமுறை திரும்பி நடந்துவிட்டேன்.

டபுள்ஸ் என்பது மஞ்சள் தூள் சேர்த்துப் பிசைந்த மாவில் பொரித்த இரண்டு மெல்லிய பாராக்கள், மேலே குழைய வெந்த கொண்டைக்கடலைக் கறி. பாரா என்றால் வடைதான், ஆனால் உளுந்து கிடையாது, ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மைதா. 1930களில் பிரின்சஸ் டவுனில் டீன் குடும்பம் ஒரே பாராவில் கடலை வைத்து விற்றதாகவும், வாங்கியவர்கள் "டபுள் பண்ணு" என்று கேட்கக் கேட்க இந்தப் பெயர் வந்ததாகவும் சொல்கிறார்கள். ஒன்று வாங்கினாலும் அது "ஒரு டபுள்ஸ்"தான்.

இனி மிளகாய். கடைக்காரர் கேட்கும் ஒரே கேள்வி "பெப்பர்?" என்பது. இங்கே பெப்பர் என்றால் நம் மிளகு கிடையாது, அரைத்த மிளகாய்ச் சட்னி. பதில் நான்கு விதம்: நோ பெப்பர், ஸ்லைட், மீடியம், பிளென்டி. முண்டு மிளகாயை நெய்யில் வறுத்துத் தயிர்சாதத்துக்குக் கடித்துக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவன் என்ற திமிரில் "பிளென்டி" என்றேன். கைடு அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வாய் நன்றாகவே இருந்தது. இரண்டாவது வாயும். மூன்றாவதை விழுங்கும்போதுதான் காதுக்குப் பின்னால் சூடு ஏறியது. நம் முண்டு மிளகாயும் குண்டூர் மிளகாயும் ஓர் இனம். அங்கே அரைப்பது ஸ்காட்ச் போனட் வகையறா, வேறு இனம். வாசனை பழம் மாதிரி இருக்கும், காரம் தாமதமாக வரும், வந்தால் இருபது நிமிடம் போகாது. 2012இல் உலகிலேயே காரமானது என்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்து மிளகாய் ஆய்வு மையம் அறிவித்த மொருகா ஸ்கார்ப்பியன் இந்தத் தீவின் மிளகாய்தான். அடுத்த ஆண்டே வேறொன்று அதை முந்தியது, ஆனால் அந்தத் தகவல் என் நாக்குக்கு ஆறுதலாக இல்லை. தண்ணீர் குடித்தேன், இன்னும் மோசமானது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, பாலில் உள்ள கொழுப்பும் புரதமும்தான் அதை இழுக்கும். பக்கத்துக் கடையில் வேர்க்கடலையும் பாலும் சேர்ந்த பீநட் பஞ்ச் வாங்கிக் கொடுத்துக் காப்பாற்றினார் கைடு அம்மா.

அதனால் சரியான முறை இது. முதல் டபுள்ஸ் "ஸ்லைட்". அதைத் தின்று ஐந்து நிமிடம் நிற்கவும். நாக்கு ஒத்துக்கொண்டால் அடுத்தது "மீடியம்". பிளென்டி வேண்டவே வேண்டாம். வெள்ளரி, புளிச் சட்னி, குச்சேலா என்ற மாங்காய் ஊறுகாய் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

தின்னும் முறையும் முக்கியம். காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். அதை உள்ளங்கையில் பிரித்து, ஒரு பாராவைக் கிள்ளிக் கடலையை அள்ள வேண்டும், தோசையைக் கிள்ளுவது போல. சாண்ட்விச் போல எடுத்துக் கடிக்கப் போனால் மொத்தமும் சட்டையில்தான். உடம்பை முன்னால் சாய்த்து நில்லுங்கள். பெரும்பாலும் தின்று முடித்த பிறகுதான் காசு. எத்தனை தின்றோம் என்று கடைக்காரர் மனதிலேயே வைத்திருப்பார். இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நாள் நீளம்.

படி 5: நகர மையம், நடை

எட்டரைக்கு வுட்ஃபோர்ட் சதுக்கம். விடுதலைக்கு முன்பு எரிக் வில்லியம்ஸ் மக்கள் கூட்டத்துக்கு அரசியல் வகுப்பு எடுத்த இடம். 1962இல் நாட்டின் முதல் பிரதமரானவர் அவர்தான். எதிரே ரெட் ஹவுஸ், நாடாளுமன்றம். 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்குச் சிவப்புச் சாயம் பூசியதால் வந்த பெயர். 1903இல் தண்ணீர்க் கட்டணத்தை எதிர்த்த கலவரத்தில் எரிந்து, 1907இல் திரும்பக் கட்டப்பட்டது. 1990 ஜூலையில் ஆயுதக் குழு ஒன்று உள்ளே புகுந்து பிரதமரையும் உறுப்பினர்களையும் பணயக் கைதிகளாக்கி ஆறு நாள் வைத்திருந்தது. கைடு அம்மா அப்போது பள்ளி மாணவி. ஊரடங்கில் வீட்டில் இருந்த அரிசியும் பருப்பும் தீர்ந்த கதையை அங்கே நின்று சொன்னார். இதற்காகத்தான் கைடு வேண்டும் என்கிறேன்.

அங்கிருந்து சார்லட் தெருவுக்கு நடை. மெயின் தெருவான ஃபிரெடரிக் தெருவில் துணிக்கடைகள்தான், அதை வேகமாகக் கடக்கலாம். சார்லட் தெருவில் சேப்பங்கிழங்கு இலைக் கட்டு, பீர்க்கங்காய், பூசணி, கொத்துக் கொத்தாக ஷாடோ பெனி. இந்த ஷாடோ பெனி நீள இலை, கொத்தமல்லியைவிட இரண்டு மடங்கு வாசம். அன்னாசித் துண்டில் இதையும் உப்பு, பூண்டு, மிளகாயையும் போட்டுக் குலுக்கினால் "சௌ". பள்ளிக்கூட வாசல் மாங்காய்க் கீற்று ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு கடைப் பலகையில் மூட்டூ என்ற குடும்பப் பெயரைப் பார்த்தேன். நம் முத்துதான். 1845 மே 30ஆம் தேதி ஃபடேல் ரசாக் கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தது. பெரும்பாலோர் வடக்கிலிருந்து போனவர்கள், சில கப்பல்கள் சென்னையிலிருந்தும் போயின. மொழி தங்கவில்லை, பெயர் தங்கியிருக்கிறது.

படி 6: சவானாவைச் சுற்றி

குயின்ஸ் பார்க் சவானா 260 ஏக்கர் புல்வெளி. சுற்றளவு மூன்றரை கிலோமீட்டர், வண்டிகள் ஒரே திசையில் சுற்றுவதால் உலகத்திலேயே பெரிய ரவுண்டானா என்று உள்ளூர்க்காரர்கள் பெருமை அடிப்பார்கள். மேற்கு ஓரத்தில் ஏழு மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. 1900களின் முதல் பத்தாண்டில் எழுந்தவை. மணிக்கூண்டோடு நிற்கும் குயின்ஸ் ராயல் காலேஜில் எரிக் வில்லியம்ஸும் எழுத்தாளர் வி. எஸ். நைபாலும் படித்தார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே போக முடியாது. வெளியிலிருந்து அரை மணி நேரம் போதும், வெயிலில் நின்று ஏழையும் எண்ண வேண்டியதில்லை.

படி 7: மதியம், இரண்டில் ஒன்று

மராக்காஸ் கடற்கரையா, நகரத்திலேயே ரொட்டியா என்று முந்தின நாளே முடிவெடுங்கள். இரண்டும் என்றால் இரண்டும் கெடும்.

மராக்காஸ் போக மலைப்பாதையில் முக்கால் மணி நேரம். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்கர்கள் போட்ட சாலை, வளைவுகள் அதிகம், வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காரவும். அங்கே பேக் அண்ட் ஷார்க், அதாவது பொரித்த ரொட்டிக்குள் பொரித்த சுறா. மேலே போட்டுக்கொள்ள புளி, பூண்டு, ஷாடோ பெனி என்று பத்துக் கிண்ணம். சுறாக்கள் குறைந்துவருகின்றன என்பதால் நான் வேறு மீன் கேட்டேன், கிடைத்தது. குறையே தெரியவில்லை.

ரொட்டி என்றால் இரண்டு வகை. தால்பூரி என்பது உள்ளே அரைத்த பட்டாணிப் பருப்பு வைத்தது, இனிப்பில்லாத போளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பஸ் அப் ஷட், கிழிந்த சட்டை என்று பொருள். கல்லிலேயே பரோட்டாவை அடித்து உதிர்ப்பார்கள். நம் ஊர்ப் பரோட்டா மாஸ்டருக்கு இதைக் காட்ட வேண்டும். கூடச் சிவப்பு நிற சோலோ சோடா குடிப்பதுதான் ஊர் வழக்கம். எனக்கு அது இருமல் மருந்து மாதிரி இருந்தது. பட்டைச் சாறான மாபியைத்தான் நான் சிபாரிசு செய்வேன், முதலில் இனித்து அப்புறம் கசக்கும்.

படி 8: மாலை

ஆறு மணிக்கு மேல் சவானா ஓரத்தில் இளநீரும் சோள சூப்பும். வயிற்றில் இடம் வைத்திருந்தால் இங்கே தெரியும். ஜனவரி, பிப்ரவரியில் போனால் கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் பேன் யார்டு என்ற வாத்தியக் குழு முற்றங்களில் ஸ்டீல்பேன் ஒத்திகை நடக்கும், போய் நின்று கேட்கலாம். எண்ணெய்ப் பீப்பாயில் பிறந்த அந்த வாத்தியம் இந்த நகரத்துக் குடிசைப் பகுதிகளில் உருவானது.

பின்சேர்க்கை: சைவம் சாப்பிடும் ஒரு வாசகி எழுதியிருந்தார். டபுள்ஸ் கவலையில்லை. ஆனால் கீரைக்குழம்பு போலத் தெரிந்த கலலூவில் நண்டு இருந்ததாம். ஆமாம், பெரும்பாலும் நண்டோ உப்பிட்ட பன்றி வாலோ போடுவார்கள். சோள சூப்பிலும் அப்படி. "வெஜிடேரியன்" என்று மட்டும் கேட்காமல், நண்டு இருக்கா, மீன் இருக்கா, வால் இருக்கா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இன்னொருவர், மது தொடாதவர், எலுமிச்சை பானத்தில் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் கலப்பதைப் பற்றிக் கேட்டார். 1824இல் சீகெர்ட் என்ற மருத்துவர் வெனிசுவேலாவில் உருவாக்கி, பின்பு இந்நகரத்துக்கு இடம்பெயர்ந்த மருந்துச் சாறு அது. சில சொட்டுகள்தான் விடுவார்கள், ஆனால் அந்தச் சொட்டில் 44.7 சதவீதம் ஆல்கஹால். வேண்டாம் என்றால் பிட்டர்ஸ் இல்லாமல் தரச் சொல்லுங்கள்.

குச்சேலா பாட்டில் வாங்கினால் செக்-இன் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் விட மாட்டார்கள். இரண்டு பாலித்தீன் உறையும் ஒரு பழைய துண்டும் சுற்றுங்கள். நான் ஓர் உறைதான் சுற்றினேன். கடுகெண்ணெய் வாசம் இன்னும் அந்தப் பெட்டியை விட்டுப் போகவில்லை.